முத்திரை விழாத உறைகள்

என் கணவர் வீட்டில் அதிகம் கேள்வி கேட்கிறவர் இல்லை. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். கடைக்கு வருகிறவர்களிடம் "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா" என்று நாள் முழுக்கக் கேட்டுவிட்டு வருவதால், வாசல்படி ஏறும்போதே கேள்வியெல்லாம் தீர்ந்துபோயிருக்கும். அப்படிப்பட்டவர் அன்று என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "ஏன் செஞ்சே?"

நான் நாலைந்து பதில் சொன்னேன். பெரிதாக ஒன்றும் பொய்யில்லை. ஆனால் சொல்லச் சொல்ல, வேறு யாருக்கோ தைத்த சட்டையை மாட்டிப் பார்ப்பதுபோல எதுவுமே எனக்குப் பொருந்தவில்லை.

தலைமைத் தபால் ஆபீஸின் மூன்றாம் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே என் அறை. முகவரி சரியில்லாத கடிதங்கள் கடைசியில் வந்து சேரும் இடம். கதவு எண் விட்டுப்போனவை, மழையில் எழுத்துக் கரைந்தவை, 'பழைய பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் நாய் வளர்க்கும் டாக்டர் வீட்டு மாடி' என்று மட்டும் எழுதியவை. அவை போக வேண்டிய வீட்டைக் கண்டுபிடிப்பது என் வேலை. பதினாலு வருஷமாக.

எனக்கென்று ஒரு முறை உண்டு. பெயரை முதலில் படிக்க மாட்டேன். பெயரைப் பார்த்துவிட்டால் மனசு தெரிந்த ஆள் ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டுப் பக்கமே இழுக்கும். அதனால் பழைய காலண்டர் அட்டையை இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி வைத்திருக்கிறேன். உறையை எடுத்ததும் கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு அட்டையைப் பெயர்மேல் வைத்துவிடுவேன். மற்ற வரிகளைப் படிப்பேன். வீடு பிடிபட்டதும் இடது மூலையில் பென்சிலால் சரியான முகவரியை எழுதுவேன். அதன் பிறகுதான் அட்டையை எடுத்து, இது இன்னாருக்கு என்று பார்ப்பேன். பரீட்சையில் விடையைச் சரிபார்ப்பதுபோல அது ஒரு சின்னச் சுகம்.

நாங்கள் போரில் தோற்று அப்போது நாலாவது வருஷம். ஆற்றுப் பாலத்தை உடைக்க உத்தரவு வந்தும் வெடிமருந்து லாரி பாதி வழியில் பழுதாகி நின்றுவிட்டது என்றும், எதிரிப் படை பாலத்தில் நடந்தே ஊருக்குள் வந்துவிட்டது என்றும் சொல்வார்கள். பதினோரு மணி டீக்கு உட்கார்ந்தால் ஆபீஸில் இதுதான் பேச்சு. அந்த லாரி மட்டும் நிற்காமல் போயிருந்தால்?

"போயிருந்தா நான் இந்நேரம் போஸ்ட்மாஸ்டர்" என்பார் கீழ்த்தளத்தில் முத்திரை குத்தும் அண்ணன்.

"லாரிக்கும் அதுக்கும் என்னண்ணே சம்பந்தம்?"

"ஜெயிச்ச சந்தோஷத்துல எல்லாருக்கும் பிரமோஷன் குடுத்திருப்பாங்க தங்கச்சி. அந்தக் களேபரத்துல யாரும் என் சர்வீஸ் புக்கைப் புரட்டிப் பாத்திருக்க மாட்டாங்க."

நடக்காத அந்தக் கதையில் எல்லாரும் நன்றாக இருந்தோம். யாரும் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. காட்டிக்கொடுக்கச் சொல்ல ஆளே வரவில்லையே.

நடந்த கதையில் ஒரு மேற்பார்வையாளர் வந்தார். ஜெயித்தவர்களின் ஆள். எங்கள் மொழியைப் புத்தகத்தில் படித்திருந்ததால் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவார். வந்த மாதமே ஊரின் கதவு எண்களையெல்லாம் மாற்றினார்கள். தெருப்பெயர்கள் போய் எண்கள் வந்தன. வெளியூரில் இருந்த பிள்ளைகளுக்கு அது எப்படித் தெரியும்? பழைய முகவரிக்கே எழுதினார்கள். என் அறையில் கடிதம் நாலு மடங்காகக் குவிந்தது. ராத்திரி கனவில்கூடக் கதவு எண் ஓடும். ஆனால் ஒவ்வொன்றாக வீடு சேர்த்தேன். தெருவில் முன்பின் தெரியாத பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களாலதான் என் மகன் உயிரோட இருக்கான்னு தெரிஞ்சது" என்று அழுதிருக்கிறார்கள்.

ஒருநாள் மேற்பார்வையாளர் மூன்று மாடி ஏறி வந்தார். சுற்றிலும் பார்த்தார். உடைந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடம், "உங்கள் அறையிலிருந்து திரும்பிப் போகும் கடிதங்கள் நூற்றில் இரண்டு. எங்கள் தலைநகரில் முப்பது. இதை மேலிடத்துக்கு எழுதியிருக்கிறேன்" என்றார். மறுநாள் புது நாற்காலி வந்தது. மேஜை விளக்கு வந்தது.

பதினோரு வருஷம் எங்களுக்கு மேலே இருந்த பழைய போஸ்ட்மாஸ்டர் எங்கள் ஆள், எங்கள் மொழி பேசுகிறவர். என் அறை எத்தனாவது மாடி என்று தெரியாமலேதான் ஓய்வு பெற்றார். இதை என் கணவரிடம் சொன்ன பதில்களில் நான் சேர்க்கவில்லை.

அதற்கடுத்த மாதம் மேற்பார்வையாளர் தன் கையாலேயே ஒரு சின்னக் கட்டைக் கொண்டுவந்து வைத்தார். "இவை சற்றுக் கடினமானவை. நான்கு மணிக்கு வந்து பெற்றுக்கொள்கிறேன்." மூன்று உறைகள். நல்ல தாள். தபால்தலை ஒட்டியிருந்தது. தபால்தலைமேல் முத்திரை விழவில்லை.

தபால் ஆபீஸில் யாருக்கும் இது புரியும். பெட்டியில் போட்ட கடிதம் முத்திரை அண்ணனின் கையைத் தாண்டாமல் என் அறைக்கு வர முடியாது. முத்திரை இல்லையென்றால் அதை யாரும் தபாலில் போடவில்லை. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அட்டையை எடுத்துப் பெயர்மேல் வைத்தேன். உண்மையிலேயே கடினமானவைதான் அவை. மூன்றையும் கண்டுபிடித்தபோது மணி இரண்டுகூட ஆகவில்லை.

நாலு மாதத்தில் அப்படிப் பதினேழு உறைகள்.

பதினெட்டாவது வந்த நாளைத்தான் சொல்ல வந்தேன். அட்டையை வைத்துவிட்டுப் படித்தேன். 'ஓடாத கடிகாரக் கோபுரம் தெரியும் ஜன்னல். கீழே தையல் மெஷின் சத்தம். ஏறுவதற்குப் பின்பக்கம் இரும்புப் படி.' அவ்வளவுதான். ஊரில் கடிகாரம் ஓடாத கோபுரம் மூன்று. ஒன்றைச் சுற்றி மைதானம். இன்னொன்றைச் சுற்றி எல்லாமே மாடியில்லாத கடைகள். மூன்றாவதற்கு எதிர்வரிசையில் தையல்கடைகள் ஆறு. அதில் பின்பக்கம் சந்து இருப்பது இரண்டுக்கு. ஒன்றில் மரப்படி. ஐந்து வருஷத்துக்கு முன்னால் அது இற்றுப்போய் ஒரு தபால்காரர் விழுந்து காலை உடைத்துக்கொண்டது எனக்கு நினைவிருந்தது. ஆகவே மற்றது. பழைய எண் முப்பத்தொன்று, புது எண் பதினாலு. பென்சிலால் எழுதினேன். எழுதி அடிக்கோடும் போட்டேன்.

அட்டையை எடுத்தேன். என் கொழுந்தனின் பெயர்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? எட்டு மாதமாகக் காணாமல் போனவன். அச்சகத்தில் வேலை பார்த்தவன், அவர்களுக்கு எதிரான துண்டறிக்கைகளை அச்சடித்தான் என்று தேடினார்கள். அவன் செத்துவிட்டான் என்று நானும் என் கணவரும் ஒருவருக்கொருவர் சொல்லாமல் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் இருக்கிறான். இங்கிருந்து இருபது நிமிட நடை. நான் கண்டுபிடித்துவிட்டேன்.

அப்புறம்தான் முத்திரை விழாத அந்தத் தபால்தலை நினைவுக்கு வந்தது.

உறையைக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு சாப்பாட்டு நேரத்தில் கடைக்கு நடந்தேன். அவர் ஒரு மூக்குக்கண்ணாடியின் காலைச் சூடுகாட்டி வளைத்துக்கொண்டிருந்தார். உறையை மேஜைமேல் வைத்தேன். தம்பியின் பெயரைப் பார்த்தார். மூலையில் என் எழுத்தைப் பார்த்தார்.

"இது யார் குடுத்தது?"

சொன்னேன். முத்திரை இல்லாததையும் சொன்னேன்.

"இது மாதிரி இதுக்கு முன்னாடி வந்திருக்கா?"

"பதினேழு."

"முத்திரை இல்லைங்கறதை எப்போ பாத்தே?"

"மொத நாளே."

"எங்கிட்ட சொல்லலையே."

"கடிதத்தைப் பத்தி வீட்டுல பேசக் கூடாதுன்னு ரூல் இருக்குங்க."

"யார் போட்ட ரூல்?"

"பழைய ரூல். நம்ம ஆளுங்க போட்டது."

அவர் கையிலிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தார். அப்போதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நான் சொன்னேன்: மறுத்தால் என்னை எடுத்துவிட்டு அவர்கள் ஆளை உட்கார வைப்பார்கள், அப்புறம் அத்தனை அம்மாக்களின் கடிதமும் குப்பைக்குப் போகும். எதற்கு என்று மேற்பார்வையாளர் என்னிடம் சொல்லவே இல்லை. நான் முகவரிதான் எழுதினேன், வேறொன்றும் செய்யவில்லை. பயமாக இருந்தது. கடைசியாகச் சொன்னது மட்டும் கொஞ்சம் பொய். பயமாக இருந்திருக்க வேண்டும், ஆனால் இல்லை.

அவர் எழுந்தார். கடையைச் சாத்தினார். யாராவது கேட்டால் கண்ணாடி கொடுக்க வந்தேன் என்று சொல்ல, ஒரு கண்ணாடிக் கூட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பதினாலாம் எண்ணுக்குக் கிளம்பினார்.

நான் உறையை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குத் திரும்பி நேராக முத்திரை அண்ணனிடம் போனேன். பென்சிலை அழித்தால் தடம் தெரியும். நான் அழுத்தி எழுதுகிறவள், அடிக்கோடு வேறு. தப்பான முகவரி எழுதினால் அந்த வீட்டுக் கதவை உடைப்பார்கள். அண்ணன் உறையைத் திருப்பிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"என் கையில படாம மேல வந்த பயலா இவன்?" என்றபடி மைக்குப்பியை உறைமேல் சாய்த்தார். மூலை, பெயர், எல்லாம் கறுப்பு. "முப்பது வருஷ சர்வீஸ்ல ஒருநாள் மை கொட்டினேன்னு எழுதிக்கட்டும். பிரமோஷன் எப்படியும் வரப்போறதில்லை."

நாலு மணிக்கு மேற்பார்வையாளர் உறையை நுனிவிரலால் தூக்கினார். முகம் சுளித்தார். "கவலை வேண்டாம், பிரதி இருக்கிறது. நாளைக் காலை வேறொன்று கொண்டுவருகிறேன்." போகும்போது திரும்பி, "நாற்காலி வசதியாக இருக்கிறதா?" என்றும் கேட்டார். ஆமாம் என்றேன்.

என் கணவர் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார்.

"போயிட்டான். ஆத்துக்கு அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போக ஆள் இருக்காம். என் கண்ணு முன்னாடியே கிளம்பிட்டான்."

"நல்லா இருக்கானா?"

"இளைச்சுட்டான். தாடி. உன்னைத் திட்டாதேன்னு சொன்னான்."

எனக்குப் புரியவில்லை. அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிடிபட்டவர்கள் சொன்ன அடையாளங்களை மேலே எழுதி, அந்த உறைகளுக்குள் வெறும் வெள்ளைத்தாளைத்தான் வைப்பார்களாம். தபால்காரர் கொண்டுபோய்க் கொடுப்பார். எதிரில் ஒருவன் நின்றுகொண்டு, யார் வாங்குகிறார்கள் என்று பார்ப்பான். மறுநாள் வண்டி வரும். அப்படிப் பிடிபட்ட ஒருவன் வீட்டில் கிடந்த உறையைத் தலைமறைவாக இருந்தவர்கள் எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பென்சில் எழுத்து யாருடையது என்று தேடியிருக்கிறார்கள்.

"அவனுக்குப் பாத்ததுமே தெரிஞ்சுடுச்சாம். ஸ்கூல் நோட்டுக்கெல்லாம் அட்டை போட்டு நீதானே பேர் எழுதிக் குடுப்பே? அது ரெண்டு மாசத்துக்கு முன்னாடி. யார்கிட்டயும் சொல்லலையாம்."

"எங்கிட்டயாவது வந்து கேட்டிருக்கலாமே?"

"அண்ணிகிட்ட இதை எப்படிக் கேக்கறதுன்னு தெரியலையாம்."

ரெண்டு மாதம். நான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன். அதற்குப் பிறகு நான் எழுதியவை ஒன்பது. எனக்காக அவன் வாயை மூடிக்கொண்ட ரெண்டு மாதத்தில் ஒன்பது பேர். இதை யார் கணக்கில் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன்மேல் கோபம் வந்தது. அவன் இங்கே இருந்திருந்தால் கட்டிக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டும் ஒரே நேரத்தில்.

"கீழே தைக்கிறவங்க?" என்றேன்.

"அந்தம்மாதான் அவனுக்கு ரூம் குடுத்து வச்சிருந்தது. நீங்களும் போயிடுங்கன்னு கெஞ்சிப் பாத்தோம். நாளைக்கழிச்சுக் குடுக்க வேண்டிய துணி பதினொண்ணு இருக்கு, சொன்ன தேதிக்குக் குடுக்கலைன்னா என் கடை என்ன கடைன்னுட்டாங்க."

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அவர் வாசல்வரை வந்தார். பிளாஸ்க்கை என் கையில் கொடுத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "சின்னவன்தான் போயாச்சே. சரியானதையே எழுதிடு. உன்மேல சந்தேகம் வராது" என்றார்.

"தையல்கார அம்மா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேற்று ஏன் என்று கேட்டவர் இவர்தான். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு விதத்தில் ஆறுதலாகக்கூட இருந்தது. அது சரியா என்று தெரியவில்லை.

புது உறை மேஜையில் இருந்தது. அதே மூன்று வரிகள். மேற்பார்வையாளர் இந்த முறை போகாமல் ஜன்னலோரம் நின்றுகொண்டார். நான் பென்சிலை எடுத்தேன்.

கை எதை எழுதத் துடித்தது தெரியுமா? பதினாலை. பயத்தால் இல்லை, என் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள இல்லை. எனக்கு விடை தெரியும், அதனால். மூன்று கோபுரம், ஆறு கடை, இரண்டு சந்து, இற்றுப்போன ஒரு மரப்படி. இந்த ஊரில் வேறு யாராலும் முடியாது. அதைக் கேட்டு மெச்சத் தெரிந்த ஒரே ஆள் என் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

'கண்டுபிடிக்க இயலவில்லை' என்று எழுதினேன். கையெழுத்துக் கோணிக்கொண்டு போனது.

அவர் வாங்கிப் படித்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "உங்களாலும் முடியவில்லையா?" என்றார். அந்தக் குரலில் சந்தேகம் இருந்ததா, வருத்தம் இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "பரவாயில்லை. இவற்றைப் பாருங்கள். நாளை நான்கு மணிக்குள் போதும்." ஐந்து உறைகள். ஒன்றிலும் முத்திரை இல்லை.

அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் என் முகம் சுட்டது. கணக்கில் ஃபெயில் ஆகி வாத்தியார் முன்னால் நின்ற பிள்ளைபோல எனக்கு வெட்கமாக இருந்தது. பதினேழு வீட்டுக் கதவுகளை நினைத்து வர வேண்டிய வெட்கம் அது. வந்தது இதற்கு.

சாயங்காலம் இதை அப்படியே என் கணவரிடம் சொன்னேன். அவரிடம் இனிமேல் பொருந்தாத பதில் சொல்லக் கூடாது என்று தோன்றியது. அவர் தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"போன வாரம் ஒருத்தன் கடைக்கு வந்தான்" என்றார். "விசாரணை ஆபீஸ் ஆள். அவங்க ஊர்ல மூணு பேர்கிட்ட பாத்தும் சரியாகலையாம். ஒரு மணி நேரம் உக்காந்து பவர் பாத்துக் குடுத்தேன். போட்டுட்டு ஜன்னல் வழியா எதிர்ப்பக்க போர்டைப் படிச்சான். பொடி எழுத்துவரைக்கும். எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு. அவன் அந்தக் கண்ணாடியை வச்சு எதைப் பாப்பான்னு எனக்குத் தெரியாதா?"

அடுத்த வீட்டில் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"அந்த அஞ்சு உறை?" என்றார்.

"அட்டை வைக்கலை. பேரைத்தான் மொதல்ல படிச்சேன். ஒண்ணும் எழுதலை. அப்படியே டிராயர்ல இருக்கு."

"கண்டுபிடிக்கலையா?"

"அஞ்சையும் கண்டுபிடிச்சுட்டேங்க. எழுதலைன்னுதான் சொன்னேன். கண்டுபிடிக்காம இருக்க முடியலை."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு எழுந்துபோய்ப் பையிலிருந்து கடையின் பவர் சீட்டுக் கட்டை எடுத்து வந்தார். வலது கண், இடது கண் என்று கோடு போட்ட சீட்டுகள். அலமாரியிலிருந்து காலிக் கண்ணாடிக் கூடுகள் ஐந்தை எடுத்து வரிசையாக வைத்தார். நாளை காலை கடை திறப்பதற்கு முன்னால் ஐந்து வீட்டுக்கும் கண்ணாடி கொடுக்கப் போகலாம். நாலு மணிக்குள் அவர்கள் கிளம்பிவிடுவார்களா, அங்கேயும் யாராவது துணி தைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களா, ஐந்துக்கும் 'இயலவில்லை' என்று எழுதினால் மேற்பார்வையாளர் நம்புவாரா, எதுவும் எங்களுக்குத் தெரியாது.

"தையல்கார அம்மாவையும் ஒருதடவை பாத்துட்டு வாங்க."

"பாக்கறேன். சொல்லு."

சொன்னேன். முதலாவது, பழைய மருந்துக் கிடங்குக்குப் பின்னால், மூன்றாவது வாசல். இரண்டாவது கொஞ்சம் சுற்று. மூன்றாவதில் எழுதியிருந்த அடையாளமே தப்பு, அதை எப்படிப் பிடித்தேன் என்று அவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே எழுதினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன், குரலில் ஒரு தெம்பு. அந்தப் பதினேழு உறைகளின்போது இருந்த அதே தெம்பு, ஒரு மாற்றும் இல்லை.

நாலாவது நிஜமாகவே கடினமானது. அதைச் சொல்லி முடித்தபோது, மேற்பார்வையாளர் மட்டும் இதைக் கேட்டிருந்தால் எவ்வளவு பாராட்டியிருப்பார் என்று தோன்றியது. அதை என் கணவரிடம் சொல்லவில்லை. ஐந்தாவதைச் சொல்ல ஆரம்பித்தேன்.